'காஃபிர்' என்றால் விவசாயியா? 525 இடங்களையும் பார்த்துவிட்டுப் பேசலாமே!

பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிற யாருக்கும் இந்த இரண்டு ஃபார்வேர்டுகளில் ஒன்றாவது வந்திருக்கும். முதலாவது, குர்ஆனிலிருந்து ஒற்றை வசனத்தை வெட்டியெடுத்து, 'காஃபிர்' என்ற சொல்லுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, "பாருங்க, உங்களை எப்படித் திட்டியிருக்காங்கன்னு" என்று முடியும். இரண்டாவது, அதற்குப் பதிலாக வருவது. "காஃபிர்னா அரபியில விவசாயின்னு அர்த்தம். விதையை மண்ணால மூடுறவர். இதுல என்ன தப்பு?" என்று கேட்கும். முதலாவதைப் போட்டவர் சிரிக்கும் எமோஜி போடுவார். இரண்டாவதைப் போட்டவர் குரூப்பை விட்டு வெளியேறுவார். அட்மின் "நோ பாலிடிக்ஸ் ப்ளீஸ்" என்பார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஃபார்வேர்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. தங்களுக்குத் தோதான ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மறைக்கின்றன. மிச்சம் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. 'காஃபிர்' பிறந்த அரபு வேர்ச்சொல்லும் அதன் கிளைகளும் குர்ஆனில் 525 இடங்களில் வருகின்றன. அந்த 525 இடங்களையும் கையிலிருக்கும் போனிலேயே வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் தமிழில் பார்க்க முடியாது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றித்தான்.

இது அரபு படித்தவர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்கலாம். நாமக்கல்லில் மலையைக் குடைந்த நரசிம்மர் கோயிலும் மலைக்கோட்டை மேல் தர்காவும் ஒரே பாறையில்தான் இருக்கின்றன. சேலம் கோட்டைப் பகுதியில் ஜாமியா மசூதியும் மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இந்த ஊர்களில் ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு நடுவே ஒரு சொல்லின் அர்த்தம் சந்தேகத்தைக் கிளப்பினால், அது அகராதிப் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை.

'பாடி' கட்டுற ஊருக்கு இது ஈஸி

கார்ப்பஸ் மொழியியல் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. உண்மையாக எழுதப்பட்ட, பேசப்பட்ட உரைகளை மொத்தமாகச் சேர்த்துக் கணினியில் ஏற்றினால் அந்தத் தொகுப்பின் பெயர் கார்ப்பஸ். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிய வேண்டுமா? அந்தச் சொல் வருகிற எல்லா வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். அதற்கு முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன வருகிறது, எந்தச் சொல்லோடு அடிக்கடி ஒட்டிக்கொண்டு வருகிறது, எதற்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அர்த்தம் அந்த வரிசையிலிருந்து தானாக எழுந்து வரும்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ஒருவர் "பாடி கட்ட விட்டிருக்கேன், முடிய ஒரு மாசம் ஆகும்" என்று சொன்னால் யாரும் பதறமாட்டார்கள். லாரிக்கு பாடி கட்டுகிறார். பக்கத்தில் 'கட்டு', 'பட்டறை', 'சேஸிஸ்' என்ற சொற்கள் இருந்தால் அது லாரி பாடி. 'ஜிஎச்', 'போஸ்ட்மார்ட்டம்' இருந்தால் வேறு பாடி. 'ஜிம்' இருந்தால் இன்னொன்று. 'பாட்டு' இருந்தால் அது இங்கிலீஷ் சொல்லே இல்லை, நம்ம 'பாடு' என்ற வினைச்சொல். இத்தனையும் நம் மூளை யோசிக்காமல் பிரித்துவிடுகிறது. கார்ப்பஸ் செய்வதும் இதையேதான். கொஞ்சம் பொறுமையாக, ஓர் இடத்தையும் விடாமல் செய்கிறது.

ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்துத்தான் அறிய முடியும் என்ற கருத்தை 1957-ல் பிரபலமாக்கியவர் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே.ஆர்.ஃபிர்த். லண்டனுக்குப் போகும் முன் லாகூரில் பேராசிரியராக இருந்தவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934 பதிப்புக்குத் தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு பின்னிணைப்பு எழுதிக் கொடுத்தவரும் இவர்தான். கார்ப்பஸ் மொழியியலின் தாத்தா என்று சொல்லத்தக்கவர் நம்ம 'ழ'வோடும் மல்லுக்கட்டியிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

வேதத்தில் மெஷினை விடலாமா?

இந்தத் தலைப்பில் பேச்செடுத்தாலே வரும் கேள்வி இது. கேள்வியில் இருக்கும் பயம் புரிகிறது. ஆனால் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. கணினியை வைத்து உரைகளை ஆராயும் வேலையே மத நூல்களில்தான் ஆரம்பித்தது. ராபர்ட்டோ புசா என்ற இத்தாலிய ஜேசு சபைப் பாதிரியார், தாமஸ் அக்வினாஸின் எழுத்துகளுக்குச் சொல்லடைவு தயாரிக்க 1949-ல் ஐபிஎம் நிறுவனத்தின் கதவைத் தட்டினார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அந்த வேலை பல பத்தாண்டுகள் ஓடியது.

இஸ்லாமிய மரபில் இது இன்னும் பழையது. 767-ல் மறைந்த முகாதில் இப்னு சுலைமான், ஒரே சொல் குர்ஆனின் வெவ்வேறு இடங்களில் எந்தெந்தப் பொருளில் வருகிறது என்று பட்டியல் போட்டு நூல் எழுதினார். அவருக்குப் பிறகு அது ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. ராகிப் அல் இஸ்பஹானி குர்ஆன் சொற்களை வேர்ச்சொல் வாரியாக அடுக்கி ஓர் அகராதி செய்தார். 1945-ல் எகிப்தில் முஹம்மது ஃபுவாத் அப்துல் பாகி கையாலேயே தயாரித்த முழுச் சொல்லடைவு இன்றைக்கும் அரபுக் கல்லூரி நூலகங்களில் இருக்கும். ஆக, எல்லா இடத்தையும் பார்த்துவிட்டுப் பேசு என்பது கணினிக்காரர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்த ஒழுக்கம் இல்லை. ஆலிம்களின் பழைய ஒழுக்கம் அது. ஃபார்வேர்டு காலத்தில் நாம் தொலைத்தது.

இப்போது நம் போனில் கிடைப்பது, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குர்ஆன் அரபுக் கார்ப்பஸ். கைஸ் டியூக்ஸ் என்ற ஆய்வு மாணவர், எரிக் ஆட்வெல் என்ற பேராசிரியரின் வழிகாட்டலில் 2009 வாக்கில் வெளியிட்டது. குர்ஆனின் 77,430 சொற்களுக்கும் ஒவ்வொன்றாக வேர் எது, வினையா பெயரா, ஒருமையா பன்மையா, ஆண்பாலா பெண்பாலா என்று குறிப்பு போட்டார்கள். முதலில் மென்பொருள் போட்டது. பிறகு அரபு தெரிந்த தன்னார்வலர்கள் இணையத்தில் உட்கார்ந்து திருத்தினார்கள்.

அளவு பிடிபட ஒரு கணக்கு. திருக்குறளில் 1,330 குறள், குறளுக்கு 7 சீர், மொத்தம் 9,310 சீர்கள். குர்ஆன் சுமார் எட்டு திருக்குறள் அளவு. கார்ப்பஸ் உலகில் இது ரொம்பச் சின்னது. பிரிட்டிஷ் தேசியக் கார்ப்பஸ் 10 கோடி சொற்கள். சின்னதாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. ஒரு சொல்லின் எல்லா இடங்களையும் ஒரு மனிதர் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து படித்துவிடலாம்.

சரி, அந்த 525 இடங்களில் என்னதான் இருக்கிறது?

வேர்ச்சொல்லின் அடிப்படைப் பொருள் 'மூடுதல்'. இதில் விவாதம் பெரிதாக இல்லை. ராகிபின் அகராதி, பொருட்களை இருட்டால் மூடுவதால் இரவையும், விதையை மண்ணால் மூடுவதால் உழவரையும் அரபியில் இந்தச் சொல்லால் குறிப்பார்கள் என்கிறது. ஆக விவசாயி ஃபார்வேர்டு அந்தரத்தில் பிறந்ததில்லை.

அது நிற்பது 57-வது அத்தியாயத்தின் 20-வது வசனத்தின் மேல். உலக வாழ்க்கையை அந்த வசனம் மழைக்கு ஒப்பிடுகிறது. மழை பெய்து பயிர் முளைக்கிறது, அதைப் பார்த்து 'குஃப்பார்' மகிழ்கிறார்கள், பிறகு பயிர் வாடி மஞ்சளாகிச் சருகாகிறது. குஃப்பார் என்பது காஃபிர் என்பதன் பன்மை வடிவங்களில் ஒன்று. ஆடிப் பட்டத்தில் கடலை போட்டுவிட்டு, அடுத்த மழைக்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ராசிபுரத்துக்காரருக்கு இந்த உவமைக்கு விரிவுரை தேவைப்படாது. தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் இங்கே 'விவசாயிகள்' என்று பார்க்கலாம்.

ஆனால் பழைய விரிவுரையாளர்களில் சிலர், இங்கேயும் இறைவனை மறுப்பவர்கள் என்றே பொருள் கொள்ளலாம், உலக வாழ்க்கையில் அதிகம் மயங்குவது அவர்கள்தானே என்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்வது சரி? இந்த மாதிரி இடத்தில்தான் எல்லா இடத்தையும் தேடுகிற முறை கைகொடுக்கிறது. இந்த முறை 'குஃப்பார்' என்ற சொல்லை விட்டுவிட்டு, அந்த வசனத்தில் 'மகிழ்ச்சியூட்டியது' என்ற பொருளில் வரும் 'அஃஜப' என்ற வினைச்சொல்லைத் தேடிப் பாருங்கள். 48-வது அத்தியாயத்தின் 29-வது வசனத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கேயும் பயிர். குருத்து விட்டு, தடித்து, தண்டில் நிமிர்ந்து நிற்கும் பயிர், விதைத்தவர்களை மகிழ்விக்கிறது. அதே வினைச்சொல், அதே பயிர். மகிழ்கிறவர்களுக்கு அங்கே 'ஸுர்ராஉ' என்ற சொல். உழவர் என்பதைத் தவிர வேறு பொருளே இல்லாத சொல் அது. இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 57:20-ல் உழவர் என்று படிப்பதற்குப் பலமான ஆதரவு கிடைக்கிறது.

விவசாயி கட்சி கைதட்டுவதற்குள் ஒன்று. 48:29-ஐ முழுசாகப் படியுங்கள். உழவர்கள் மகிழ்கிறார்கள் என்று சொன்ன அடுத்த மூச்சிலேயே 'குஃப்பார்' வருகிறது. அந்த வளர்ச்சியைப் பார்த்து ஆத்திரப்படுகிறவர்கள் அவர்கள். அங்கே விவசாயி என்று போட்டால் வாக்கியமே கவிழ்ந்துவிடும். உழவர் என்ற பொருளில் வந்த அதே வடிவம், உழவர்களைப் பற்றிப் பேசும் இன்னொரு வசனத்தில் எதிர்ப்பவர்களைக் குறிக்கிறது. 57:20 ஒன்றைக் காட்டிவிட்டு "காஃபிர்னா விவசாயிதான்" என்று முடிப்பவர், நல்லெண்ணத்தோடு செய்தாலும், படிக்கிறவரை ஏமாற்றுகிறார்.

மற்ற இடங்கள்? பாதிக்கும் மேல் இந்த வேர் வினைச்சொல்லாகத்தான் வருகிறது. அதாவது ஒரு கூட்டத்துக்கு ஒட்டிய லேபிளாக இருப்பதைவிட, ஒரு செயலின் பெயராக அதிகம் இருக்கிறது. அந்தச் செயலுக்கு எதிராக நிற்பது பல இடங்களில் 'நம்புதல்'. இன்னும் சில இடங்களில், கவனித்துப் பாருங்கள், 'நன்றி செலுத்துதல்'. 14:7, 2:152, 76:3, 31:12 என்று இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது. நன்றியுள்ளவனாக இரு, நன்றி மறக்காதே என்ற எதிர்நிலை.

26-வது அத்தியாயத்தில் ஃபிர்அவ்ன் மன்னன் மூஸா நபியைப் பார்த்துப் பேசும் இடம் இதற்குச் சிறந்த உதாரணம். குழந்தையிலிருந்து எங்களிடம்தானே வளர்ந்தாய், பிறகு இப்படிச் செய்துவிட்டாயே என்று குத்திக்காட்டி, மூஸாவை 'காஃபிர்களில் ஒருவன்' என்கிறான். பேசுவது தன்னையே கடவுள் என்று சொல்லிக்கொண்ட ஃபிர்அவ்ன். திட்டு வாங்குவது ஒரு நபி. சோறு போட்டு வளர்த்த வீட்டுக்கே துரோகம் பண்ணிட்டியே என்ற நம்ம ஊர் சினிமா வசனத்தின் தொனிதான் அது. நன்றி கெட்டவன் என்பதே அங்கே நேர்ப்பொருள் என்று விரிவுரையாளர்கள் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பெரும்பாலும் யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை. 2:256-ல் இதே வினையைச் செய்கிறவர் இறைநம்பிக்கையாளர். போலிக் கடவுள்களை, கொடுங்கோன்மையை மறுத்து இறைவனை நம்புகிறவரைப் பற்றிப் பேசும் இடம். மறுத்தல் என்ற வினை அங்கே பாராட்டுக்குரியது. எதை மறுக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் சொல்லின் நிறம்.

இதையெல்லாம் கணினி இல்லாமல் செய்துகாட்டியவர் தோஷிஹிகோ இசுட்சு என்ற ஜப்பானியர். குர்ஆனை அரபியிலிருந்து நேரடியாக ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனவர். குர்ஆனின் அறச்சொற்களைப் பற்றி 1959-ல் எழுதிய நூலை 1966-ல் விரிவாக்கினார். ஒரு சொல்லுக்குப் பொருளை இன்னொரு மொழியின் அகராதியில் தேடாமல், அந்த நூலுக்குள்ளேயே அதன் சொந்தங்களையும் பகைகளையும் வைத்துத் தேடினார். இந்த வேரில் நன்றி மறத்தல் என்ற பொருளிலிருந்து இறைமறுப்பு என்ற பொருள் எப்படிக் கிளைத்தது என்று அவர் காட்டியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஆனால் மழுப்பாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 525 இடங்களையும் வரிசையாகப் பார்த்தால், பெரும்பாலானவை இறைச்செய்தியை மறுத்தவர்களைப் பற்றியவை. அவர்களுக்கான எச்சரிக்கைகளும் தண்டனைகளும் கூடவே வருகின்றன. இந்தச் சொல் வெறும் உழவும் நன்றியும் மட்டும் இல்லை. அதே நேரம், பக்கத்து வீட்டுக்காரரைக் குறிக்கும் இனப்பெயராகவும் அது அங்கே இல்லை. செய்தி வந்தது, கேட்டார்கள், மறுத்தார்கள் என்ற நிகழ்வுச் சூழல் பல இடங்களில் கூடவே நிற்கிறது. சிவப்பு வட்ட ஃபார்வேர்டு அந்தச் சூழலைத்தான் கத்தரிக்கோலால் வெட்டுகிறது.

கற்பூரம் சொல்லும் பாடம்

525 என்ற எண்ணை இத்தனை தடவை சொல்லிவிட்டேன். அதற்குள் ஒரு கற்பூரம் இருக்கிறது. 76:5-ல் சொர்க்கத்தில் அருந்தும் பானத்தில் கலந்திருப்பதாக 'காஃபூர்' வருகிறது. கற்பூரம்தான். மலாய் 'கபூர்', சமஸ்கிருத 'கர்ப்பூரம்', நம்ம கற்பூரம் எல்லாம் ஒரே வணிகப் பாதையில் பயணம் செய்த சொற்கள். அது கிழக்கிலிருந்து கப்பலேறிப் போன பொருள், பெயரும் கூடவே போனது. ஆனால் அரபு அகராதி மரபு அதன் மூன்று மெய்யெழுத்துகளைப் பார்த்து மூடுதல் என்ற வேரின் கீழ் வைத்தது. கார்ப்பஸும் அந்த வழக்கப்படியே எண்ணியது. ஆக, காஃபிர் கணக்கில் ஒரு கற்பூரமும் சேர்ந்துவிட்டது!

வேரை மட்டும் வைத்து அர்த்தம் சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான். தமிழில் இதையே செய்து பாருங்கள். 'மறை' என்ற வேரைத் தேடச் சொன்னால், ஒளித்து வைத்தவரும் வருவார், காலமானவரும் வருவார், திருமறை என்ற பெயரில் குர்ஆனும் வரும், நான்மறை என்ற பெயரில் வேதங்களும் வரும், சேலம் மறைமாவட்ட ஆயரும் வருவார், செங்கல்பட்டு போகிற வழியில் மறைமலை நகர் ரயில் நிலையமும் வரும். இதை வைத்து "தமிழர்களுக்கு வேதம் என்றாலே ஒளித்து வைப்பதுதான்" என்று யாராவது கட்டுரை எழுதினால் சிரிப்போம். அரபியில் அதே தர்க்கம் வந்தால் மட்டும் ஷேர் பண்ணுகிறோம்.

கார்ப்பஸால் முடியாதது இன்னும் இருக்கிறது. 112-வது அத்தியாயத்தில் இறைவனின் பண்பாக வரும் 'ஸமத்' என்ற சொல் குர்ஆன் முழுவதிலும் அந்த ஓர் இடத்தில்தான் வருகிறது. அப்துல் சமது என்ற பெயர் நமக்கு எவ்வளவு பழக்கம்! ஆனால் அந்தச் சொல்லை வரிசையாக அடுக்கினால் ஒரே ஒரு வரி. ஒப்பிட வேறு இடமே இல்லை. பழைய அரபுக் கவிதை, விரிவுரை மரபு என்று வெளியேதான் போக வேண்டும். 'தேவையற்றவன்' என்பது அப்படி மரபு வழியாக வந்த பொருள்.

எண்ணிக்கையை வைத்து அற்புதம் காட்டுகிறவர்களையும் இங்கே சேர்த்தே சொல்லிவிடலாம். 'நாள்' என்ற சொல் குர்ஆனில் சரியாக 365 தடவை வருகிறது என்று ஒரு ஃபார்வேர்டு சுற்றுகிறது. ஒருமையை மட்டும் எடு, இருமையையும் பன்மையையும் விடு, 'அந்நாளில்' என்று சேர்ந்து வரும் வடிவத்தையும் விடு என்று விதிகளைப் போட்டுக்கொண்டே போனால்தான் அந்த எண் கைக்கு வரும். விதியை விடைக்கு ஏற்ப வளைத்தால் எந்தப் புத்தகத்திலும் எந்த எண்ணும் கிடைக்கும். நம்பிக்கைக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

சொல் ஊர் விட்டு ஊர் போனபோது

குர்ஆனுக்குள் ஒரு சொல் என்ன பொருளில் இருக்கிறது என்பதும், தெருவில் அது என்ன பொருளில் புழங்குகிறது என்பதும் இரண்டு கேள்விகள். இதே சொல்லை அரபு வணிகர்கள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பயன்படுத்தினார்கள், போர்ச்சுகீசியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் அது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் மோசமான வசையாக மாறியது. அங்கே 2018-ல் அந்தச் சொல்லால் திட்டிய ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனையே கொடுத்தது. இலங்கையில் புத்தளம் பக்கம், போர்ச்சுகீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் 'காப்பிரியர்' என்ற பெயரிலேயே வாழ்கிறார்கள். அவர்களுக்கு அது வசை இல்லை, சமூகத்தின் பெயர். மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தோனேசியாவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. உலகின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்புகளில் ஒன்றான நஹ்தலத்துல் உலமா 2019-ல் கூடி, முஸ்லிம் அல்லாத சக குடிமக்களைக் 'காஃபிர்' என்று அழைக்க வேண்டாம், 'குடிமக்கள்' என்று சொல்லுங்கள் என்று முடிவெடுத்தது. வேதத்திலிருந்து அந்தச் சொல்லை அவர்கள் நீக்கவில்லை. ஒரு நாட்டில் சேர்ந்து வாழ்கிறவர்களைக் கூப்பிட அது பொருத்தமான சொல் இல்லை என்றார்கள். வேதத்தில் பொருள் என்ன என்பதற்கு 525 இடங்களைப் பார்க்கலாம். ஒருவரை அப்படிக் கூப்பிடலாமா என்பதற்கு அவர் முகத்தைப் பார்த்தாலே போதும்.

தமிழில் ஏன் இல்லை?

தமிழ் முஸ்லிம்களின் மொழிவளத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. தொழுகை, நோன்பு, பள்ளிவாசல், இறைவன், திருமறை என்று மதத்தின் மையச் சொற்களையே தமிழாக்கிக்கொண்ட சமூகம் இது. முழுமையாகக் கிடைத்திருக்கும் பழைய தமிழ் முஸ்லிம் நூலான ஆயிர மசலா 1572-ஐச் சேர்ந்தது. 5,027 பாடல்கள் கொண்ட உமறுப்புலவரின் சீறாப்புராணம், மதுரைத் திட்டத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. குர்ஆனைத் தமிழில் முழுமையாக முதலில் மொழிபெயர்த்தவர் ஆ.கா.அப்துல் ஹமீத் பாகவி. பெயருக்குப் பின்னால் உள்ள 'பாகவி', வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் படித்தவர் என்பதன் அடையாளம். தமிழில் விளக்கம் சொல்வதே சர்ச்சையாக இருந்த காலத்தில், 'தாருல் இஸ்லாம்' இதழாசிரியர் பா.தாவூத்ஷா எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு எழுதினார். அதற்குப் பிறகு ஜான் டிரஸ்ட், இஸ்லாமிய நிறுவன டிரஸ்ட் (ஐஎஃப்டி), பி.ஜைனுல் ஆபிதீன் என்று பல மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன.

ஆனால் இவை ஒவ்வொன்றும் தனித்தனித் தீவாக நிற்கின்றன. அரபுச் சொல் ஒன்றைத் தொட்டால், அது வரும் எல்லா இடங்களிலும் நான்கு தமிழ் மொழிபெயர்ப்புகள் என்ன சொல்லைப் போட்டிருக்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஒரு தமிழ்க் கார்ப்பஸ் வேண்டும். ஒருவர் 'காஃபிர்' என்றே வைத்திருப்பார். ஒருவர் 'நிராகரிப்பவர்' என்பார். ஒருவர் 'மறுப்போர்' என்பார். இன்னோர் இடத்தில் அவரே 'நன்றி கெட்டவர்' என்று மாற்றியிருப்பார். அந்த மாற்றங்களில்தான் மொழிபெயர்ப்பாளரின் முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் உரிமை வாசகருக்கு வேண்டும், முஸ்லிமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதற்குத் தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. அரபு மூலம் குறிப்புகளோடு தயாராக இருக்கிறது. வசன எண்கள் ஏறக்குறைய எல்லா மொழிபெயர்ப்பிலும் பொது, எனவே பொருத்துவது எளிது. மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் தமிழ்த் தரவுகளை ஏற்கெனவே திரட்டியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபுத் துறை இருக்கிறது, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது, இரண்டு ஊரிலும் வேலை தேடும் கணினிப் பட்டதாரிகள் இருக்கிறார்கள். தமிழில் உருபுகள் ஒட்டிக்கொண்டே போவதால், 'நிராகரிப்பவர்களுக்கு', 'நிராகரித்தோரை', 'நிராகரித்தார்கள்' மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள் என்று மெஷினுக்குச் சொல்லித்தர வேண்டும். கஷ்டமான வேலைதான், ஆனால் ஒரு முனைவர் பட்ட அளவுக்கான கஷ்டம். புதிய மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்பாளர்களின் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். உண்மையில் தடை என்று நான் நினைப்பது வேறு. அரபுக் கல்லூரிக்காரரும் கணினித் துறைக்காரரும் ஒரே மேஜையில் உட்கார்வதில்லை.

"இப்போ எல்லாத்தையும் ஏஐ சொல்லிடுதே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாட்பாட் தரும் பதில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பதில் எந்தெந்த இடங்களைப் பார்த்துச் சொன்னது, எவற்றை விட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. கார்ப்பஸ் உங்களுக்குப் பதிலே தராது. இடங்களைக் காட்டும், படிப்பது உங்கள் வேலை.

இன்றைய நிலைமை என்ன தெரியுமா? தமிழ் மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றைத் திறந்து தேடும் பெட்டியில் 'காஃபிர்' என்று அடித்தால், அந்தச் சொல்லை அப்படியே வைத்த வசனங்கள் மட்டும் வரும். 'காபிர்' என்று அடித்தால் ஒன்றுகூட வராமல் போகலாம். 'நிராகரிப்போர்' என்று போட்ட இடங்கள் வராது. ஃபிர்அவ்ன் மூஸாவைத் திட்டும் இடத்தில் 'நன்றி கெட்டவர்' என்று இருந்தால் அதுவும் வராது. 57:20 வரவே வராது, அங்கே 'விவசாயிகள்' என்றுதானே இருக்கிறது. சிவப்பு வட்டம் போட்டவரும் விவசாயி என்று பதில் சொன்னவரும் ஒரே அரபுச் சொல்லைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்பதைத் தமிழில் மட்டும் படிக்கிற ஒருவரால் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது.